உங்கப்பாகிட்டச் சொல்லு

அந்தப் பையை இப்படி என் காலுக்குக் கீழ தள்ளிருங்க. மேல வச்சா பஸ்ஸு வளைவுல திரும்பறப்ப விழுந்துரும். ஜன்னல் ஓரம் உங்களுக்கு வேணுமா? வேணாமா? சரி, அப்ப நானே இருக்கேன். காத்து மூஞ்சியில அடிச்சாத்தான் எனக்குத் தலைவலி வராது.

திருச்சிக்குத்தான். தம்பி வீட்டுக்கு. விசேஷமெல்லாம் ஒண்ணுமில்லை, சும்மாதான். சும்மான்னும் சொல்ல முடியாது, காரியமாத்தான் போறேன். அதைச் சொல்லணும்னா மொதல்லேர்ந்து சொல்லணும். உங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்கிருங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

நீங்களே சொல்லுங்க. ஒரு வீட்டுல ஒரு ஆளு சின்ன வயசுலேர்ந்து ஒரு வேலையைப் பாத்துக்கிட்டு இருக்கு. குறைன்னு ஒரு நாள் யாரும் சொன்னதில்லை. திடீர்னு வெளியிலேர்ந்து ஒரு பொண்ணு வந்து, அந்த வேலையே உங்க வீட்டுக்கு வேணாம்னு சொன்னா எப்படி இருக்கும்? அதுவும் சிரிச்சுக்கிட்டே சொன்னா?

எங்கப்பா பேரு சவரிமுத்து. திண்டுக்கல்லுல தோல் ஷாப்புல, அதான் தோல் பதனிடற எடத்துல, மேஸ்திரியா இருந்தாங்க. அம்மா பேரு லூர்து. அம்மாவுக்குச் சொந்த ஊரு தேவகோட்டைப் பக்கம். நான் மூத்தவ, செசிலி. எனக்கு எட்டு வருஷம் கழிச்சுத் தம்பி ஜெரால்டு. இவ்வளவுதான் குடும்பம்.

ஜெரால்டு அம்மா வயித்துல நிறைமாசமா இருக்கறப்ப அம்மாவைப் பெத்தவரு தவறிட்டாரு. ஊர்லேர்ந்து ஒரு ஆளு தோல் ஷாப்புக்கே வந்து அப்பாகிட்ட விஷயத்தைச் சொல்லியிருக்காரு. இவ நிறைமாசமா இருக்கா, கேட்டு ஏதாவது ஆயிட்டா என்ன பண்றதுன்னு அப்பா அவரை அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க. மறுநாள்தான் அம்மாகிட்டச் சொன்னாங்க. அதுக்குள்ள அங்க அடக்கம் முடிஞ்சு போச்சு. அம்மா சத்தம் போட்டு அழலை. கொஞ்ச நேரம் அப்பாவையே பாத்தாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, "செசிலி, உங்கப்பாகிட்டச் சொல்லு, சோறு போட்டு வச்சிருக்கேன்"னாங்க. அப்பா எங்க இருந்தாங்கறீங்க? இந்தா, நீங்க இருக்கற தூரம். நான் திரும்பி, "அப்பா, சோறு போட்டு வச்சிருக்காங்களாம்"னேன். அப்பா, "பசிக்கலைன்னு சொல்லு"ன்னாங்க.

அதுதான் ஆரம்பம். அப்ப நான் மூணாங்கிளாஸ். அன்னிக்கு நின்ன பேச்சு, ஜெரால்டு பொறந்து, வளந்து, அவனுக்குக் கல்யாணம் ஆகி, அவனுக்குப் பிள்ளை பொறந்தும் வரலை. தம்பி ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தானாம், எல்லா வீட்டுலயும் அப்பா அம்மா இப்படித்தான் இருப்பாங்கன்னு.

ஆனா ஒண்ணு. எங்க வீட்டுல சண்டையே கிடையாது. தெருவுல யாரை வேணாலும் கேளுங்க. சவரிமுத்து வீடுன்னா அமைதியான வீடுன்னுதான் சொல்லுவாங்க. அது சும்மா வந்ததா?

சொன்னதை அப்படியே சொல்றதுன்னா யாரு வேணாலும் செய்யலாம். அதுக்கு ஒரு பக்குவம் வேணும். அப்பா முன் ரூம்ல உக்காந்துக்கிட்டு, "குழம்புல உப்பை அள்ளிக் கொட்டியிருக்கா, வாயில வைக்க முடியலைன்னு சொல்லு"ம்பாங்க. நான் அடுப்படிக்குப் போய், "அம்மா, அப்பா கொஞ்சம் மோர் கேக்குறாங்க"ம்பேன். அம்மா, "ஏன், தொரைக்கு என் குழம்பு இறங்கலையாமா"ம்பாங்க. நான் வந்து, "இப்ப ஊத்தறாங்கப்பா"ம்பேன். முடிஞ்சுச்சு. காதுல பாதி விழுந்தாலும் ரெண்டு பேரும் நான் சொன்னதைத்தான் எடுத்துக்குவாங்க. எத்தனை சண்டையை அப்படி நிறுத்தியிருக்கேன் தெரியுமா? நான் இல்லைன்னா அந்த வீடு என்னைக்கோ ரெண்டாயிருக்கும்.

கோவத்தை மட்டும் இல்லைங்க, பிரியத்தையும் பாத்துத்தான் சொல்லணும். அம்மாவுக்குப் பன்னீர் திராட்சைன்னா உசிரு. சீசன் வந்துட்டா அப்பா வேலை விட்டு வர்றப்ப கூடை ஓரத்துல நின்னு, நசுங்காததாப் பாத்துப் பாத்து வாங்கிட்டு வருவாங்க. வாசல்லயே என் கையில குடுத்து, "உங்கம்மாகிட்டக் குடு. நான் வாங்கினேன்னு சொல்லு"ம்பாங்க. அப்பா வாங்கினதுன்னு சொன்னா அம்மா தொடுவாங்களா? வீம்பு பிடிச்சவங்க. அதனால, "நான் வாங்கிட்டு வந்தேம்மா"ன்னு குடுப்பேன். அம்மா ஆசையாச் சாப்பிடுவாங்க. அப்பா என்னைத் தனியாக் கூப்பிட்டு, "சாப்பிட்டாளா? என்ன சொன்னா?"ம்பாங்க. "சாப்பிட்டாங்கப்பா. ஒண்ணும் சொல்லலை"ம்பேன். ஒரு பிரச்சினையும் இல்லாமப் போச்சா இல்லையா? பள்ளிக்கூடம் படிக்கற பிள்ளை காசுக்கு எங்க போச்சுன்னு அம்மா கேட்டதே இல்லை. அப்புறம் நான் கண்ணாடிக்கடையில வேலைக்குச் சேந்துட்டேன், அதுக்கப்புறம் கேள்விக்கே இடமில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகலை. கழுத்தைப் பாத்தீங்க, அதான் சொல்றேன். வரன் வராம இல்லை. வத்தலகுண்டு பக்கத்துலேர்ந்து ஒரு வாத்தியாரு வந்தாரு, இன்னாசின்னு பேரு. அமைதியான மனுஷன். காபி டம்ளரைக் கீழ வைக்கறப்பகூடச் சத்தம் வராது. அவங்க போனதும் அப்பா, "உங்கம்மாவுக்குச் சம்மதமான்னு கேளு. அவளுக்குச் சரின்னா எனக்கும் சரி"ன்னாங்க. அம்மாகிட்டப் போனா, "அவருக்குச் சம்மதமான்னு கேளு. அவருக்குச் சரின்னா எனக்கும் சரி"ன்னாங்க. நான் நடுவுல நின்னேன். அப்புறம் அம்மாகிட்ட, "அப்பா யோசிக்கிறாங்களாம்"னேன். அப்பாகிட்ட, "அம்மா யோசிக்கிறாங்களாம்"னேன். யோசிச்சுக்கிட்டே இருந்துட்டாங்க. அவருக்கு அந்தத் தைமாசமே வேற இடத்துல ஆயிருச்சு. என்ன பண்றது? நான் போயிட்டா இவங்க ரெண்டு பேருக்கும் யாரு இருக்கா? அதை அவங்க யோசிச்சாங்களோ என்னமோ. என்கிட்ட யாரும் எதுவும் கேக்கலை.

ஜெரால்டு பன்னண்டாவது முடிச்ச கையோட ஹாஸ்டல், அப்புறம் திருச்சியில வேலை, அங்கேயே கல்யாணம். கிளம்பறதுல அவன் கெட்டிக்காரன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் போன் பண்ணுவான். "எல்லாரும் நல்லாருக்காங்களாக்கா?" "எல்லாரும் நல்லாருக்காங்கடா." "அப்ப வச்சிரட்டுமா?" அவ்வளவுதான். எல்லாரும்னு சொல்றப்ப அதுல நானும் சேத்திதானே, தனியாக் கேப்பானேன்.

வடமதுரை வந்துருச்சா? வெள்ளரிப் பிஞ்சு வேணுமா உங்களுக்கு? எனக்கு வேணாம், கண்ட கையால உப்பைத் தொட்டுத் தர்றாங்க.

எங்க விட்டேன்? ஆங், அப்பா. இந்த வருஷம் தவக்காலம் ஆரம்பிச்ச அன்னிக்கு. காலையில கோயிலுக்குப் போய் நெத்தியில சாம்பல் பூசிக்கிட்டு வந்து நாற்காலியில உக்காந்தாங்க. நான் வச்சிட்டுப் போன காபி டம்ளரை எடுத்தாங்க, அது கையிலேர்ந்து நழுவிருச்சு. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. அம்மா எதுக்கத்தான் நிக்கிறாங்க. "செசிலி! உங்கப்பாவைப் பாரு! உங்கப்பாவைப் பாரு!"ங்கறாங்க. நான் அப்ப பின்னாடி துணி துவைச்சுக்கிட்டு இருக்கேன். அந்த நேரத்துலயும் அம்மா வாயிலேர்ந்து "என்னங்க"ன்னு ஒரு வார்த்தை வரலை பாருங்க.

ஆஸ்பத்திரியில சேத்தோம். வலது கையும் காலும் வரலை. பேச்சும் போயிருச்சு. நாம சொல்றதெல்லாம் புரியுது, அவங்களுக்குத்தான் சொல்ல வரலை. தண்ணி வேணும்னு நினைச்சா "சாவி"ன்னு வரும். அதுவும் குழறிக்கிட்டு வரும். தம்பி வந்தான், அழுதான், லீவு முடிஞ்சதும் போயிட்டான். நான் அழலை. எனக்குப் பயமும் இல்லை. பேச்சு போனா என்ன, அப்பாவுக்குப் பதிலாப் பேசத்தான் நான் இருக்கேனே.

அப்பத்தான் அந்தப் பொண்ணு வந்துச்சு. ஷர்மிளான்னு பேரு. டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. சோசியல் ஒர்க்கராம். அதுக்குன்னு காலேஜுல படிப்பு இருக்காம். எனக்கு மக இருந்தா அந்த வயசு இருக்கும். கட்டில் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கிட்டு அம்மாவைப் பாத்து, "அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு எந்தச் சாப்பாடு பிடிக்கும்?"னு கேட்டுச்சு.

"புளிக்குழம்பும் சுட்ட அப்பளமும்"னேன் நான்.

"எப்பத் தூங்குவாரும்மா? படுத்ததும் தூங்கிருவாரா?"

"புரண்டுக்கிட்டேதான் இருப்பாங்க"ன்னேன்.

"அக்கா, அம்மா சொல்லட்டுமே"ங்குது.

"அம்மாவுக்குத் தெரியாதும்மா. அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லை. என்ன வேணும்னாலும் என்னைக் கேளு."

மறுநாள் அந்தப் பொண்ணு என்னையும் அம்மாவையும் ஒரு ரூமுக்குக் கூட்டிட்டுப் போச்சு. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் படம் போட்டுச்சு. ஆம்பளைன்னா கட்டம், பொம்பளைன்னா வட்டம். யாரு யாருகிட்டப் பேசுவாங்களோ அவங்களுக்குள்ள ஒரு கோடு. அப்பா கட்டத்துக்கும் அம்மா வட்டத்துக்கும் நடுவுல கோடு போட்டு அதுல ரெண்டு வெட்டு வெட்டுச்சு. அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. மத்தபடி அப்பாகிட்டேர்ந்து வர்ற கோடு என்கிட்ட, அம்மாகிட்டேர்ந்து வர்ற கோடு என்கிட்ட, தம்பி கோடும் என்கிட்ட. அந்தத் தாளே என்னைச் சுத்தித்தான் இருந்துச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிறைவு, பொய் சொல்லக்கூடாது. நாம செஞ்சதை ஒருத்தர் படமாப் போட்டுக் காட்டினா நிறைவா இருக்காதா?

அந்தப் பொண்ணு பேனாவைக் கையில வச்சுக்கிட்டே, "அக்கா, இதுல உங்களுக்குன்னு ஒரு கோடு எங்க போகுது?"ன்னு கேட்டுச்சு.

"எல்லாக் கோடும் எனக்குத்தானேம்மா வருது"ன்னேன்.

என்னையே பாத்துச்சு. அதுக்கு மேல அதுக்குக் கேக்கத் தெரியலை.

அப்புறம்தான் வந்துச்சு வினை. மூணு பேரும் திரும்ப அப்பா கட்டில்கிட்ட வந்தோம். "அக்கா, கொஞ்ச நேரம் வெளிய உக்காருறீங்களா?"ங்குது. நான் எதுக்குங்க வெளிய உக்காரணும்? எங்கப்பாவுக்கு நோவு, எங்கம்மாவுக்கு விவரம் பத்தாது, என்னை வெளிய அனுப்புறாங்க. ஆனா அம்மாவே, "போய் உக்காருடி"ன்னாங்க. சரின்னு அப்பா கட்டில் இருந்த வார்டுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்தேன். கதவு பாதி தொறந்திருந்துச்சு. உள்ள அந்தப் பொண்ணு பேசறது கேட்டுச்சு.

"அம்மா, அவருக்குப் பேச்சு திரும்பணும்னா தினமும் ஒருத்தர் அவரு மொகத்தைப் பாத்துப் பேசிக்கிட்டே இருக்கணும். அக்கா வேலைக்குப் போயிருவாங்க. நாள் பூரா அவர்கூட இருக்கப்போறது நீங்கதான். கோவம் இருக்கட்டும்மா, கோவத்தோடயே பேசுங்க. கஞ்சியை மட்டும் இன்னைக்கு நீங்க குடுங்க."

ஒரு டம்ளர்ல கரண்டி உரசற சத்தம். அப்புறம் ஒரு குரல், "வாயைத் தொறங்க"ன்னுச்சு.

யாருன்னு எனக்குப் பிடிபடலைங்க. பக்கத்துக் கட்டிலுக்காரம்மான்னு நினைச்சேன். அம்மா குரல்தான் அது. அந்த மாதிரிக் குரல் அம்மாகிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியாது. உடனே அப்பா ஓன்னு அழற சத்தம். நான் எந்திரிச்சு ஓடினேன், புரையேறிருச்சோன்னு. அந்தப் பொண்ணு உள்ளேர்ந்தே கையைக் காட்டி என்னை நிறுத்திருச்சு. அம்மா கஞ்சியைத் துடைச்சு விட்டுக்கிட்டு இருக்காங்க. ரெண்டு பேருமே என் பக்கம் திரும்பலை.

அந்தக் கையை இன்னும் மறக்க முடியலை எனக்கு. எங்க வீட்டு விஷயத்துல என்னை நில்லுன்னு சொல்ல அவ யாரு?

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பொண்ணு வந்துக்கிட்டு இருந்துச்சு. அம்மாவுக்குப் பயிற்சி சொல்லிக் குடுத்துச்சு. டம்ளரைக் காட்டி "டம்ளர்"னு சொல்லச் சொல்லணும், சீப்பைக் காட்டிச் "சீப்பு"ன்னு சொல்லச் சொல்லணும். நான் கடைக்குப் போயிட்டு வர்றப்ப தெருமுனையிலயே கேக்கும், அம்மா குரலு. "சீப்பு. எங்க, சொல்லுங்க. சீ. சீன்னு என்னைத் திட்டறது மட்டும் நல்லா வருதே, ப்பு எங்க போச்சு?" அப்பா சிரிக்கிறாங்க! அந்தக் கோணின வாயால. நான் உள்ள நுழைஞ்சேன்னா ரெண்டு பேரும் கப்புன்னு நிறுத்திருவாங்க. சின்னப் பிள்ளைங்க ஏதோ பண்ணிக்கிட்டு இருந்து பெரியவங்க வந்தா நிறுத்துமே, அப்படி.

ஒரு நாள் சாயந்திரம் அப்பா, "சா...வி, சா...வி"ங்கறாங்க. நான் அடுப்படிக்கு ஓடித் தண்ணி கொண்டுவந்து நீட்டினேன். அப்பா தலையை ஆட்டறாங்க. அம்மா அங்கேர்ந்தே, "ஜன்னலைத் தொறக்கச் சொல்றாருடி. புழுங்குது அவருக்கு"ங்கறாங்க. "சாவின்னா தண்ணிம்மா"ன்னேன். "அது போன மாசம்"னாங்க அம்மா. ஜன்னலைத் தொறந்தேன். அப்பா கண்ணை மூடிக்கிட்டுக் காத்தை வாங்கறாங்க. தண்ணியை என்ன பண்றது? நானே குடிச்சேன்.

அப்பா பேச்சு எனக்குப் புரியலைங்க. எனக்கு! அம்மாவுக்குப் புரியுது.

அப்புறம் இந்தத் திராட்சை. கடைவீதியில பாத்தேன், வாங்கிட்டு வந்தேன். அம்மா உக்காந்து ஒவ்வொண்ணாத் தோலை உரிச்சு, விதையை எடுத்து, நசுக்கி அப்பாவுக்கு ஊட்டறாங்க. ஊட்டிக்கிட்டே பேச்சு. "உங்க மக வாங்கிட்டு வந்தது. சின்னப் பிள்ளையிலேர்ந்து இவ எனக்குத் திராட்சை வாங்கிட்டு வருவா. எனக்குப் பிடிக்கும்னு இவ ஒருத்திக்குத்தான் தெரியும்."

அப்பா வாயில இருந்ததைத் துப்பிட்டாங்க. "நா..." ங்கறாங்க. "நா... நா..." இடது கையால நெஞ்சைத் தட்டறாங்க. கண்ணுலேர்ந்து தண்ணி ஊத்துது. நான், "நாக்கு எரியுதாம்மா"ன்னேன். அம்மா என்னைப் பாக்கவே இல்லை. அப்பா மொகத்தையே பாத்தாங்க. ரொம்ப மெதுவா, "நீங்களா வாங்கிக் குடுத்தீங்க?"ன்னு கேட்டாங்க. அப்பா தலை ஆடுது, ஆடிக்கிட்டே இருக்கு.

அம்மா என் பக்கம் திரும்பினாங்க. "ஏண்டி, அப்படியா?"

"ஆமா. நீங்க தொட மாட்டீங்கன்னுதான்"னேன். இதுல மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?

"இன்னும் என்னடி இருக்கு?"

கேட்டாங்க, சொன்னேன். அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தப்ப அப்பா தினமும் ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நின்னுட்டுப் போவாங்க. "உள்ள வரட்டுமான்னு கேளு"ம்பாங்க. ஆபரேஷன் பண்ண உடம்பு, இவங்களைப் பாத்துக் கோவத்துல ரத்தக் கொதிப்பு ஏறிருச்சுன்னா? நான், "அம்மா தூங்கறாங்கப்பா"ன்னு சொல்லி அனுப்பிருவேன். அதைச் சொன்னேன். கல்லறைத் திருநாளுக்குத் தேவகோட்டைப் பக்கம் தாத்தா கல்லறைக்கு ரெண்டு பேருமாப் போய்ட்டு வரலாமான்னு ஒரு வருஷம் அப்பா கேக்கச் சொன்னாங்க. பழசைக் கிளற வேணாம்னு நான் கேக்கலை. அதையும் சொன்னேன். எல்லாமே அவங்க நல்லதுக்குத்தானே?

அம்மா திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டலை. கையைச் சேலையில துடைச்சுக்கிட்டாங்க. எந்திரிச்சுப் போய் அந்த ரூம் கதவைச் சாத்தினாங்க. நான் கதவுக்கு இந்தப் பக்கம். அந்தக் கதவைச் சாத்தி நான் பாத்ததே இல்லைங்க, கீலு கத்துது. உள்ள அம்மா அழுதாங்க. அப்பா அழுதாங்க. ரொம்ப நேரம். அடுப்புல உலை கொதிச்சு வழியுது, அதை அமத்தக்கூடத் தோணாம நான் நின்னேன். உள்ள என்ன பேசறாங்கன்னு கேக்கலை. காதை வச்சுக் கேட்டேன், அப்பவும் கேக்கலை.

வெளிய வந்து அம்மா எனக்கு ஒரு காபி போட்டுக் குடுத்தாங்க. "நீ போய் உன் வேலையைப் பாரு தாயி"ன்னாங்க. அன்பாத்தான் சொன்னாங்க. ஆனா எனக்கு என்ன வேலை இருக்கு, சொல்லுங்க.

இப்ப வீட்டுல தினமும் சண்டை. காபியில சர்க்கரை பத்தலைன்னு சண்டை, மருந்து கசக்குதுன்னு சண்டை, ஃபேனை வேகமா வைக்கணுமா மெதுவா வைக்கணுமான்னு சண்டை. அப்பா பாதி வார்த்தை சொல்லுவாங்க, அம்மா மீதியை அவங்களே சொல்லி அதுக்குப் பதிலும் சொல்லுவாங்க. அமைதியா இருந்த வீடுங்க அது.

மனசு கேக்கலை. அந்த ஆஸ்பத்திரிக்கே போனேன், ஷர்மிளாவைப் பாக்க. "நல்லா இருந்த வீட்டைக் கலைச்சு விட்டியேம்மா, தினமும் சண்டை போடறாங்க"ன்னேன்.

"என்ன சண்டைக்கா?"ன்னுச்சு. சொன்னேன். சிரிச்சிருச்சு. "நல்ல சண்டைதானேக்கா"ங்குது. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, "நீங்க எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டுச்சு.

"அப்பாவுக்குக் கை இப்ப கொஞ்சம் அசையுது."

"அப்பா இல்லைக்கா. நீங்க."

"அம்மாவுக்குத்தான் மூட்டுவலி..."

"அம்மாவும் இல்லை. செசிலி எப்படி இருக்காங்க? அவங்களுக்கு என்ன வேணும்?"

மேல ஃபேன் சுத்துது. அந்தப் பொண்ணு பாட்டுக்கு என் மொகத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு, அவசரமே இல்லாம. ஏதாவது சொல்லணுமேன்னு, "பசிக்குதும்மா"ன்னேன். நிஜமாவே காலையிலேர்ந்து சாப்பிடலை. உடனே எந்திரிச்சு என் கையைப் பிடிச்சுக் கேண்டீனுக்குக் கூட்டிட்டுப் போச்சு. வடையும் டீயும் வாங்கிச்சு. வடையில மிளகாய் கடிச்சிருச்சு, கண்ணுலேர்ந்து தண்ணியா வருது, நிக்கவே இல்லை. அந்தப் பொண்ணு பேசாம டிஷ்யூ பேப்பரை நகத்தி வச்சுச்சு. "அடிக்கடி வாங்கக்கா, உங்களைப் பத்தி மட்டும் பேசலாம்"னுச்சு. என்னைப் பத்தி என்ன பேசறது? நான் அப்புறம் போகலை.

இப்ப எதுக்குத் திருச்சின்னு கேட்டீங்கல்ல. அதுக்குத்தான் வர்றேன்.

போன ஞாயித்துக்கிழமை போன் வந்துச்சு. தம்பின்னு எடுத்தா, அவன் மக ஜோவிட்டா. நாலாங்கிளாஸ் படிக்குது. ரகசியக் குரல்ல, "அத்தை, ஒண்ணு கேக்கவா? அப்பா அம்மாகிட்டச் சொல்லச் சொன்னதை நான் மாத்திச் சொல்லிட்டேன். அது பாவமா?"ங்குது. என்னடான்னு விசாரிச்சா, தம்பிக்கும் அவன் பொண்டாட்டி ரெஜினாவுக்கும் பேச்சு வார்த்தை இல்லையாம். எதுனாலும் பிள்ளைகிட்டச் சொல்லி அனுப்பறாங்களாம். "அப்பா கோவமா ஒண்ணு சொன்னாங்க அத்தை. அம்மா அழுவாங்கன்னு நான் வேற மாதிரி சொல்லிட்டேன்." எவ்வளவு சின்னப் பிள்ளை, எவ்வளவு பக்குவம் பாருங்க! "பாவமெல்லாம் இல்லைடா கண்ணு"ன்னேன். அப்புறம் அது கேட்டுச்சு, "அத்தை, நீங்க இங்க வந்துட்டா நான் கீழ விளையாடப் போலாமா?"

"போலாம்டா. அத்தை வந்து பாத்துக்கிறேன்"னு சொல்லிட்டேன்.

தம்பிகிட்ட வர்றேன்னு சொல்லலை. சொன்னா, எதுக்குக்காம்பான். போய் நின்னுட்டா என்ன செய்வான்? எனக்குத் தெரிஞ்ச வேலைதானே இது. அவன் என்ன சொல்லணுமோ என்கிட்டச் சொல்லட்டும், அவ என்ன சொல்லணுமோ என்கிட்டச் சொல்லட்டும். பிள்ளை விளையாடட்டும்.

காலையில பையைத் தூக்கிட்டு அப்பாகிட்டச் சொல்லிக்கப் போனேன். அப்பா இடது கையால என் முந்தானையைப் பிடிச்சாங்க. "செ...சி" ன்னு பேரு வந்துச்சு. பேரு வந்துருச்சுங்க! அப்புறம், "இரு... நீ... இரு"ன்னாங்க. "சரிப்பா, அங்க கொஞ்ச நாள் இருந்துட்டுத்தான் வருவேன்"னேன். அம்மா, "உனக்கு ஏண்டி புரிய மாட்டேங்குது? போகாத, இங்க இருங்கறாரு. எங்ககூட உக்காரு, மூணு பேரும் ஒண்ணாச் சாப்பிடலாம்ங்கறாரு"ன்னாங்க. தட்டு மூணு எடுத்து வச்சிருந்தாங்க. நான் பாத்தேன். அங்க உக்காந்து நான் என்ன பேசறது? யாருக்காகப் பேசறது? "பஸ்ஸு போயிரும்மா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இந்தப் பஸ்ஸு எப்பவும்தான் இருக்கு.

அம்மா சரியாத்தான் சொல்லியிருப்பாங்களா? இல்லை, அவங்களாச் சேத்துச் சொன்னாங்களான்னு யோசிச்சுக்கிட்டே வர்றேன். மத்தவங்க வாயால கேட்டா எப்படித் தெரியும், சொல்லுங்க.

என்ன, எந்திரிக்கிறீங்க? வையம்பட்டியா? இந்தா வந்துருச்சே! இங்க இந்தப் பஸ்ஸு சில நேரம் நிக்காமப் போயிரும். நீங்க இருங்க, நீங்க எதுக்குக் கத்தறீங்க, நான் சொல்றேன். தம்பி! கண்டக்டர் தம்பி! இந்தம்மா இங்க இறங்கணுமாம், நிறுத்தச் சொல்லுங்க. சொல்லிட்டேன், நிறுத்துவாரு. பை, உங்க பை. பாத்து இறங்குங்க.

என் பையை எடுத்து சீட்டுல வைக்கவா? இல்லைங்க, பரவாயில்லை. இந்தச் சீட்டு காலியாவே இருக்கட்டும். யாராவது ஏறுவாங்க.